பெருந்தொற்றுக் காலத்தில் சென்னைக்கு உணவு வந்த வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முழு ஊரடங்குகளில் சென்னை மாநகரத்துக்கு அரிசியும் காய்கறியும் பாலும் சமைத்த உணவும் எவ்வாறு வந்து சேர்ந்தன, அதில் அரசின் பங்கு என்ன, எந்த இடத்தில் ஏற்பாடு இடறியது என்பவற்றை இந்தப் பக்கம் விளக்குகிறது. ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடலாம். தெருவுக்குத் தெரு பரவிக் கிடந்த ரேஷன் கடைகள் தாக்குப்பிடித்தன. ஒரே இடத்தில் குவிந்திருந்த காய்கறிச் சந்தை தாக்குப்பிடிக்கவில்லை. கீழேயுள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டையே சுற்றி வருகின்றன.

ஊரடங்கு தொடங்கியபோது உணவுப் பொருள்களுக்கு என்ன விலக்கு இருந்தது?

தமிழ்நாட்டில் 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவே பிரதமர் நாடு தழுவிய ஊரடங்கை அறிவித்தார். அதையொட்டி உள்துறை அமைச்சகம் வெளியிட்ட உத்தரவில் ரேஷன் கடைகள், மளிகைக் கடைகள், காய்கறி, பழம், பால், இறைச்சி, மீன், கால்நடைத் தீவனம் ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஆனால் உத்தரவில் எழுதப்பட்ட விலக்கு சோதனைச்சாவடியில் நிற்கும் காவலரைச் சென்றடைவதற்குச் சில நாள்கள் பிடித்தன. கடை திறந்திருக்கலாம் என்றது உத்தரவு. அந்தக் கடைக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரிக்கும், சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லாரிக்கும், ஓட்டுநர் சாப்பிட வேண்டிய நெடுஞ்சாலை உணவகத்துக்கும் என்ன விதி என்பது முதலில் தெளிவாக இல்லை. அத்தியாவசியம், அத்தியாவசியமற்றது என்ற பாகுபாடின்றி எல்லாச் சரக்குப் போக்குவரத்தையும் அனுமதிக்கும் விளக்கம் மார்ச் 29 அன்றுதான் வந்தது. வயலில் அறுவடை செய்வோருக்கான விலக்கும் அதே வாரத்தில்தான் சேர்க்கப்பட்டது.

தமிழ்நாட்டில் கடைகள் முதலில் காலை 6 மணி முதல் பிற்பகல் 2.30 வரை திறக்க அனுமதிக்கப்பட்டன. ஏப்ரல் 5 முதல் அந்த நேரம் பிற்பகல் 1 மணியாகக் குறைக்கப்பட்டது. நேரத்தைக் குறைத்தால் கூட்டம் குறையும் என்பது அதிகாரிகளின் கணக்கு. அதே எண்ணிக்கையிலான மக்கள் குறைந்த நேரத்துக்குள் வந்தாக வேண்டியிருந்தால் நெரிசல் கூடும் என்பது கடைக்காரர்களின் கணக்கு. சந்தைகளில் நடந்ததை வைத்துப் பார்த்தால் பின்னதுதான் சரி.

நாட்டில் தானியக் கையிருப்பு போதுமானதாக இருந்ததா?

போதுமானதற்கும் மேலாகவே இருந்தது. ஏப்ரல் 1 அன்று மத்தியத் தொகுப்பில், அதாவது மத்திய அரசின் தானியக் கையிருப்பில், இருக்க வேண்டிய அரிசி, கோதுமையின் குறைந்தபட்ச அளவு 210.40 லட்சம் டன். 2020இல் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாகத் தானியம் இருந்தது. ரபி பருவக் கோதுமை அறுவடையும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே தானியத்தைப் பொறுத்தவரை அரசுக்கு இருந்த சிக்கல், கிடங்கில் இருப்பதை யாருக்கு, எந்த அட்டையின் பேரில் கொடுப்பது என்பதே.

ரேஷன் கடைகளில் என்ன கொடுக்கப்பட்டது? யாருக்குக் கொடுக்கப்பட்டது?

2020 மார்ச் 24 அன்று முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்த 3,280 கோடி ரூபாய் நிவாரணத்தின்படி, அரிசி அட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1,000 ரூபாய் ரொக்கமும், ஏப்ரல் மாதத்துக்கான அரிசி, பருப்பு, சர்க்கரை, சமையல் எண்ணெய் ஆகியவையும் விலையின்றி வழங்கப்பட்டன. அரிசி அட்டைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு கோடி.

மார்ச் 26 அன்று மத்திய அரசு அறிவித்த பிரதமரின் கரீப் கல்யாண் அன்ன யோஜனா திட்டம் இதனுடன் சேர்ந்துகொண்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் சுமார் 80 கோடிப் பேருக்கு, வழக்கமான பங்குக்கு மேல் தலைக்கு 5 கிலோ தானியமும் குடும்பத்துக்கு ஒரு கிலோ பருப்பும் மாதந்தோறும் இலவசம் என்பது அந்தத் திட்டம். முதலில் மூன்று மாதங்களுக்கு என்று அறிவிக்கப்பட்டு, பிறகு நவம்பர் வரை நீட்டிக்கப்பட்டது.

நகரவாசிகளுக்கு முக்கியமான ஒரு விவரம் இங்கே இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் 37.79 சதவீதம் பேர் மட்டுமே மத்திய அரசின் கணக்கில் பயனாளிகள். அந்த வரம்போடு தமிழ்நாடு நின்றிருந்தால் சென்னைவாசிகளில் பெரும்பகுதியினர் பட்டியலுக்கு வெளியேதான் இருந்திருப்பார்கள். ஆட்டோ ஓட்டுபவர், ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவர், வீட்டு வேலைக்குச் செல்பவர் எனச் சாதாரண நாளில் சமாளித்துக்கொண்டு, கடை மூடிய மறுவாரமே தடுமாறியவர்களை எந்தப் பழைய வறுமைப் பட்டியலிலும் தேடிப் பிடிக்க முடியாது. 2016 நவம்பரில் இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதும் தமிழ்நாடு அனைவருக்குமான பொது விநியோகத்தைக் கைவிடவில்லை. மத்திய ஒதுக்கீட்டுக்கு அப்பாற்பட்ட அட்டைகளுக்கான செலவை மாநிலமே ஏற்றது. பணக்காரருக்கும் அரிசியா என்று பல ஆண்டுகள் ஏளனம் செய்யப்பட்ட ஏற்பாடு அது. 2020இல் யார் தகுதியானவர் என்று கணக்கெடுக்கும் வேலையே இல்லாமல் மறுவாரமே விநியோகத்தைத் தொடங்க முடிந்ததற்கு அந்த ஏற்பாடுதான் காரணம்.

டோக்கன் முறை எவ்வாறு நடந்தது?

ரொக்கமும் பொருளும் ஏப்ரல் 2 முதல் வழங்கப்பட்டன. எல்லோரும் ஒரே நாளில் கடைக்கு வந்துவிடாமல் இருக்க, எந்த நாள், எந்த நேரம் வர வேண்டும் என்று குறித்த டோக்கன்கள் முன்கூட்டியே தரப்பட்டன. கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருப்பார்கள். முதல் அரைமணி நேரம் வட்டத்துக்குள் ஆள் நிற்பார். வெயில் ஏறியதும் வட்டத்தில் மஞ்சள் பை நிற்கும், ஆள் எதிர்ப்புற நிழலில் நிற்பார். உள்ளே விற்பனையாளர் ஸ்மார்ட் கார்டை ஸ்கேன் செய்து, ரசீதைப் பார்த்து, எடையாளரிடம் அளவைச் சொல்வார். இந்த இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கு அந்தக் கடை இல்லை. மருத்துவர், காவலர், தூய்மைப் பணியாளர் ஆகியோருக்குக் கிடைத்த கவனம் ரேஷன் கடை ஊழியர்களுக்கு அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

அரிசியும் பருப்பும் மட்டும் இருந்தால் சமையல் நடக்குமா?

நடக்காது. புளி, மிளகாய், கடுகு, சீரகம், உப்பு இவையின்றி ஒரு வேளைக் குழம்பு கூட வைக்க முடியாது. இதை உணர்ந்து 2020 ஏப்ரலில் கூட்டுறவுத் துறை 19 மளிகைப் பொருள்கள் அடங்கிய தொகுப்பை 500 ரூபாய்க்கு ரேஷன் கடைகளில் விற்றது. வருமானம் நின்றுபோன வீட்டில் அந்த 500 ரூபாயைப் புரட்டுவதே பெரும்பாடு என்பதால், அரசு தந்த ரொக்கத்தில் பாதி அதற்கே போயிருக்கும். 2021இல்தான் இத்தகைய தொகுப்பு விலையின்றிக் கிடைத்தது. அதைப் பற்றிப் பின்னர் காண்க.

கோயம்பேடு சந்தைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடியின் நெரிசலைத் தீர்க்க 1996இல் திறக்கப்பட்ட கோயம்பேடு வணிக வளாகம் ஏறத்தாழ 295 ஏக்கர் பரப்பில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளுடன் இயங்குவது. நாசிக் வெங்காயம், ஆந்திரம், கர்நாடகத்திலிருந்து தக்காளி, நீலகிரி கேரட், திண்டுக்கல் பூ என எல்லாம் இரவோடு இரவாக அங்கே வந்து இறங்கும். விடியுமுன் மண்டிக்காரரிடம் விலை பேசி, சுமைதூக்கும் தொழிலாளர்கள் மூட்டையைத் தலையில் ஏற்றி, குட்டியானை வண்டியில் அடுக்கி முடித்தால்தான் மயிலாப்பூரிலோ பெரம்பூரிலோ ஏழு மணிக்குக் கடை விரிக்க முடியும். சென்னை மட்டுமல்ல, சுற்று மாவட்டங்களின் சில்லறைக் கடைகளும் இதையே நம்பியிருந்தன. அடுத்த வாய்ப்பு என்று சொல்லத்தக்க மொத்தச் சந்தை ஒன்று கூட நகருக்கு இல்லை.

அந்தச் சந்தையில் தொற்று எவ்வாறு பரவியது? ஏன் மூடப்பட்டது?

2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, மதுரை, கோவை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை நான்கு நாள்கள் மளிகை, காய்கறிக் கடைகள் கூட இல்லாத தீவிர ஊரடங்கு என்று அரசு அறிவித்தது. இடையில் இருந்தது ஒரே ஒரு நாள். 25ஆம் தேதி காலையில் கோயம்பேட்டில் தோளோடு தோள் உரசும் கூட்டம். நான்கு நாள்களுக்கான காய்கறியை வாங்க வந்த சில்லறை வணிகர்களும், நேரடியாக வந்த பொதுமக்களும், வழக்கமான கூலித் தொழிலாளர்களும் ஒரே நடைபாதையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு நாள்தான் தொற்றுக்குக் காரணம் என்று சொல்வது முழு உண்மை ஆகாது. சில்லறை வியாபாரத்தைச் சந்தைக்கு வெளியே மாற்ற அதிகாரிகள் முன்பே வணிகர்களிடம் பேசிவந்தார்கள்; வணிகர் சங்கங்கள் தயங்கின; முடிவு தள்ளிப்போயிற்று. காற்றோட்டமற்ற கடைகள், நெருக்கமான தங்குமிடங்கள், இரவு முழுவதும் ஓயாத நடமாட்டம் என எல்லாமே ஏற்கெனவே அங்கே இருந்தவை. ஏப்ரல் இறுதியில் தொற்றாளர்கள் அடையாளம் காணப்பட்டபோது, சந்தையில் வேலை செய்த பலர் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று சொந்த ஊர்களுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். கோயம்பேடு தொடர்புடைய தொற்றுகள் ஆயிரத்தைத் தாண்டின. அதுவரை ஓரிருவருக்கு மட்டுமே தொற்று இருந்த மாவட்டங்களில் எண்ணிக்கை ஒரே வாரத்தில் தாவியது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது.

நகருக்கு உணவு தரும் இடமே நோயைப் பரப்பும் இடமாகவும் ஆனது சென்னைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மும்பைக்கு அருகிலுள்ள வாஷி மொத்தச் சந்தையும் அதே ஆண்டில் மூடித் திறக்கப்பட்டது.

திருமழிசையில் அமைக்கப்பட்ட தற்காலிகச் சந்தை பயன்பட்டதா?

ஓரளவுக்குப் பயன்பட்டது. கோயம்பேடு மூடப்பட்ட ஒரு வாரத்துக்குள், நகருக்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள திருமழிசையில், துணைநகரத்துக்காக ஒதுக்கப்பட்ட வெட்டவெளியில், சுமார் 200 மொத்தக் கடைகளுடன் காய்கறிச் சந்தை தொடங்கியது. சில்லறை விற்பனைக்கு அங்கே இடமில்லை. பழ வியாபாரம் மாதவரம் பேருந்து நிலையத்துக்குச் சென்றது. அவ்வளவு குறுகிய காலத்தில் கொட்டகை, மின்விளக்கு, குடிநீர், கழிப்பறை, லாரி நிறுத்துமிடம் ஆகியவற்றை ஏற்படுத்தியது நிர்வாகத் திறன்தான். அதை மறுக்கக் கூடாது.

குறைகளும் இருந்தன. மூவாயிரம் கடைகளுக்கு 200 கடைகள் ஈடாகா. இடம் கிடைக்காத சிறு வியாபாரிகள் மாதக்கணக்கில் தொழிலின்றி இருந்தார்கள். குளிர்பதனக் கிடங்கு இல்லாததால் விற்காத தக்காளியும் கீரையும் அங்கேயே அழுகின. மழை பெய்த நாள்களில் களிமண் தரை சேறாகி, வண்டிச் சக்கரம் புதைந்து, மூட்டைகளைச் சேற்றில் இறக்க வேண்டியதாயிற்று. தொலைவு கூடியதால் வண்டி வாடகையும் கூடி, அது கத்தரிக்காய் விலையில் வந்து நின்றது. கோயம்பேட்டில் முதலில் உணவு தானியச் சந்தையும், செப்டம்பர் 28 அன்று காய்கறி மொத்தச் சந்தையும் திறக்கப்பட்டன. பழக் கடைகளும் சில்லறைக் கடைகளும் நவம்பர் வரை காத்திருந்தன.

காய்கறியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் முயற்சி எப்படி இருந்தது?

பெருநகர சென்னை மாநகராட்சி தள்ளுவண்டிக்காரர்களுக்கும் சிறிய சரக்கு வண்டிகளுக்கும் அனுமதி அட்டை வழங்கி, தெருவாரியாக விற்க ஏற்பாடு செய்தது. உண்மையில் இவர்களில் பலர் எப்போதும் தெருவில் விற்பவர்களே. சாதாரண நாளில் நடைபாதையை ஆக்கிரமித்ததாக அபராதம் கட்டிய அதே தள்ளுவண்டி, ஊரடங்கில் அத்தியாவசியச் சேவையாக மாறியது. தனியார் செயலிகளின் மூலம் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடும் இருந்தது. அது அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பயன்பட்ட அளவுக்கு, வாசலில் வண்டி நிற்க இடமில்லாத குடிசைப் பகுதிகளுக்குப் பயன்படவில்லை.

பாலுக்குத் தட்டுப்பாடு வந்ததா?

பெரிய அளவில் இல்லை. தேநீர்க் கடைகளும் உணவகங்களும் மூடியதால் தேவை குறைந்தது; தனியார் கொள்முதல் சுருங்கிய இடங்களில் விவசாயிகள் ஆவின் சங்கங்களுக்குப் பாலைக் கொண்டுவந்தார்கள். மிஞ்சிய பால் பவுடராக்கப்பட்டது.

இறைச்சியும் மீனும்?

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கோழிக்கறியால் நோய் வரும் என்ற புரளியே நாமக்கல் பண்ணையாளர்களை வீழ்த்திவிட்டது. மீனைப் பொறுத்தவரை ஏப்ரல் 15இல் வழக்கமான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. அந்த ஆண்டு மட்டும் அது மே 31 வரை எனக் குறைக்கப்பட்டது.

அம்மா உணவகங்கள் என்ன செய்தன?

ரேஷன் அரிசி அடுப்பும் பாத்திரமும் இருப்பவருக்குத்தான் உணவு. மேன்ஷன் அறையில் தங்கியிருந்த இளைஞருக்கும், நடைபாதையில் படுப்பவருக்கும், மருத்துவமனை வாசலில் நோயாளிக்காகக் காத்திருப்பவருக்கும் சமைத்த சோறு வேண்டும். 2013 பிப்ரவரியில் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த அம்மா உணவகங்கள் அப்போது சென்னையில் மட்டும் 400க்கு மேல் இருந்தன. ஒரு ரூபாய் இட்லி, 5 ரூபாய் சாம்பார் சாதம், 3 ரூபாய் தயிர் சாதம் என்பது அவற்றின் விலைப்பட்டியல். மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்களே சமைத்துப் பரிமாறினார்கள். நகரின் மற்ற எல்லா உணவகங்களிலும் பார்சல் மட்டுமே என்றிருந்த நாள்களில் இவை மூன்று வேளையும் இயங்கின. தீவிர ஊரடங்கு நாள்களிலும், 2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் அண்டை மாவட்டப் பகுதிகளிலும் நடந்த முழு ஊரடங்கிலும் உணவு இலவசமாகவே வழங்கப்பட்டது.

இலவசம் என்பதைவிட, ஏற்கெனவே சமையற்கூடம், ஆள், அரிசி வரும் வழி, மக்களுக்குத் தெரிந்த முகவரி ஆகிய நான்கும் இருந்தன என்பதே முக்கியம். சமூகச் சமையலறைகளைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்த மாநிலங்கள் முதல் வாரங்களை இந்த நான்கையும் சேர்ப்பதிலேயே கழித்தன. கேரளம் விதிவிலக்கு, அங்கே குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் பெண்கள் இருந்தார்கள்.

தன்னார்வலர்கள் உணவு வழங்க அரசு தடை விதித்தது உண்மையா?

உண்மை. தனிநபர்கள், அமைப்புகள், கட்சிகள் நேரடியாக உணவோ நிவாரணமோ வழங்கக் கூடாது, அரசு மூலமாகவே வழங்க வேண்டும் என்று 2020 ஏப்ரல் 12 அன்று அறிவிக்கப்பட்டது. தொற்றுப் பரவல் காரணமாகக் காட்டப்பட்டது. எதிர்க்கட்சிகள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. முன்கூட்டியே அதிகாரிகளுக்குத் தகவல் தெரிவித்து, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு வழங்கலாம் என்று நீதிமன்றம் சில நாள்களிலேயே வழிவிட்டது. கூட்டம் சேரும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அரசின் கை எட்டாத சந்துகளை அறிந்திருந்தவர்கள் இந்தத் தன்னார்வலர்களே. அவர்களை ஒழுங்குபடுத்துவதற்கும் தடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த அறிவிப்பு கவனிக்கத் தவறியது.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு என்ன கிடைத்தது?

மார்ச் 24 அறிவிப்பிலேயே அவர்களுக்கு 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ சமையல் எண்ணெய் என்ற ஒதுக்கீடு இருந்தது. யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. கட்டுமானத் தளத்தில் ஒப்பந்ததாரரின் பட்டியலில் இருந்தவருக்குக் கிடைத்தது. பட்டியலில் இல்லாதவருக்கு, அதாவது ஒரு சிறு உணவகத்தின் மாடியில் தங்கிப் பாத்திரம் துலக்கியவருக்கு, தன் மாநில ரேஷன் அட்டையைத் தாயிடமோ மனைவியிடமோ விட்டுவிட்டு வந்தவருக்கு, எந்தக் கடையிலும் பெயர் இல்லை. அட்டை இல்லாத சுமார் 8 கோடிப் புலம்பெயர் தொழிலாளர்களுக்குத் தலைக்கு 5 கிலோ தானியம் இரண்டு மாதங்களுக்கு என்று மத்திய அரசு அறிவித்தது மே 14 அன்று. அதாவது ஊரடங்கு தொடங்கி ஏழு வாரங்கள் கழித்து. அதற்குள் பலர் நடந்தும், தொழிலாளர்களுக்கென விடப்பட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களிலும் ஊர் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். சென்னையின் உணவு ஏற்பாட்டில் மிகப் பெரிய ஓட்டை இதுவே.

2021 இரண்டாம் அலையில் என்ன மாறியது?

2021 மே 7 அன்று பொறுப்பேற்ற முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் உத்தரவுகளில், அரிசி அட்டைதாரர்களுக்கு 4,000 ரூபாய் நிவாரணமும் ஆவின் பால் விலையில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைப்பும் இடம்பெற்றன. ரொக்கம் மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாகக் கொடுக்கப்பட்டது. இரண்டாம் தவணையுடன் புளி, கடுகு, சீரகம், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், டீத்தூள், ரவை, சோப்பு உள்ளிட்ட 14 பொருள்களின் பை இலவசமாகத் தரப்பட்டது.

மே 24 அன்று தளர்வில்லா ஊரடங்கு தொடங்கியபோது காய்கறிக் கடைகள் மூடப்பட்டன. தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் சேர்ந்து வண்டிகளில் காய்கறி, பழங்களைத் தெருக்களுக்கு அனுப்பின. அடுத்த வாரம் முதல் மளிகைக் கடைகள் தொலைபேசியில் ஆர்டர் பெற்று வீடுகளுக்கு அனுப்ப அனுமதி கிடைத்தது. முந்தைய ஆண்டைப்போல் மொத்தச் சந்தை ஒட்டுமொத்தமாக இழுத்து மூடப்படவில்லை. சில்லறை வாங்குவோரை அனுமதிக்காமல் கோயம்பேடு இயங்கியது. ஊரடங்குக்கு முன் பொருள் வாங்க இரு நாள்கள் விடப்பட்டன. அப்போதும் கூட்டம் கூடியது. ஆயினும் பல நாள்களுக்கான தேவை ஒரே காலைப்பொழுதில் ஒரே சந்தையில் திரளவில்லை.

வேறு மாநில ரேஷன் அட்டை வைத்திருப்பவர் இன்று சென்னையில் பொருள் வாங்க முடியுமா?

முடியும். தமிழ்நாடு 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் இணைந்தது. எல்லா மாநிலங்களும் 2021 ஜூலை 31க்குள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும், தொற்று நீடிக்கும் வரை புலம்பெயர் தொழிலாளர்களுக்குச் சமூகச் சமையலறைகளை நடத்த வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29 அன்று தீர்ப்பளித்தது. அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ சொல்லி, விரல்ரேகை வைத்து, அருகிலுள்ள ரேஷன் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தானியம் மட்டுமே கிடைக்கும். தமிழ்நாடு தன் அட்டைதாரர்களுக்குத் தரும் பருப்பும் எண்ணெயும் கிடைக்காது. சொந்த மாநிலத்திலேயே அட்டை இல்லாதவருக்கு இந்தத் திட்டத்தால் பயனில்லை. அத்தகையவர்கள் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்திருந்தால் அவர்களுக்கு ரேஷன் அட்டை வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டுள்ளது.